சாக்குமுகக் கோமாளியும் என் பேத்தியும்

ஆடி பிறந்துவிட்டால் எங்கள் பக்கத்துக் கோவில்களில் திருவிழாக் காலம். கொடியேறிய நாள் தொடக்கம் தீர்த்தம் முடியும்வரை வீதியின் இரு மருங்கிலும் கச்சான் கடை, வளையல் கடை, ஐஸ்கிறீம் வண்டி, பலூன்காரர், ஊதுகுழல் சத்தம் என்று கால் வைக்க இடமிருக்காது. இந்தச் சனக்கூட்டத்துக்குள் எங்கிருந்தோ வந்து சேர்கின்ற வேடிக்கைக்காரர்களும் இருப்பார்கள். ஒருவர் முகம் முழுக்க வெள்ளைச் சாயம் பூசியிருப்பார். ஒருவர் மரக்காலில் ஏறி நின்று கூரை உயரத்துக்கு நடப்பார். இன்னொருவர் கரடித் தோல் போல ஓர் அங்கியை மாட்டிக்கொண்டு, கடை ஒன்றின் விளம்பரத் துண்டுகளைக் கொடுத்துக்கொண்டிருப்பார்.

பெரியவர்களாகிய நாம் ஒரு நிமிடம் பார்த்துவிட்டு நடந்துவிடுவோம். கையில் ஒரு சிறு பிள்ளை இருந்தால் அப்படி நடந்துவிட முடியாது. சில பிள்ளைகள் வாயைப் பிளந்தபடி நின்று பார்க்கும். சில பிள்ளைகள் ஓடிப்போய் அந்த அங்கியைத் தொட்டுப் பார்க்கும். சில பிள்ளைகள் தாயின் சேலைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு வெளியே வரமாட்டேன் என்று அடம்பிடிக்கும்.

சேலைக்குள் ஒளிகின்ற பிள்ளையைப் பற்றியும், அந்தச் சேலையைக் கட்டியிருக்கின்ற தாயைப் பற்றியுமே இந்தக் கட்டுரையில் எழுத விரும்புகிறேன். போரைக் கண்ணால் கண்ட பெண்கள் நாம். எங்கள் பேரப்பிள்ளைகள் 2009ஆம் ஆண்டுக்குப் பின்னர் பிறந்தவர்கள். அவர்கள் பதுங்குகுழி கண்டதில்லை. ஷெல் சத்தம் கேட்டதில்லை. அப்படியிருக்க, முகமூடி போட்ட ஒரு கோமாளியைக் கண்டதும் அவர்களில் சிலர் ஏன் நடுங்குகிறார்கள்?

இவர்கள் யார்?

முதலில் இந்த வேடிக்கைக்காரர்களைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். நாம் அவர்களை "கூத்தாடி", "பிச்சைக்காரன்" என்று ஒரு சொல்லில் முடித்துவிடுகிறோம். ஒவ்வொருவருக்கும் பின்னால் ஒரு தொழிலும் ஒரு குடும்பமும் இருக்கின்றன.

பாம்புக் கூடையோடும் குரங்கோடும் வருகின்றவர்களை எங்கள் பகுதியில் குறவர் என்போம். அக்கரைப்பற்றுக்குக் கிட்ட உள்ள அளிக்கம்பைக் கிராமத்தில் இவர்கள் குடியிருக்கிறார்கள். சிங்களத்தில் இவர்களை அகிகுண்டக என்று சொல்வார்கள். வீட்டுக்குள் இவர்கள் பேசி வந்த மொழி தெலுங்கு. முந்திய காலத்தில் கழுதைகளில் சாமான் ஏற்றிக்கொண்டு, கூடாரம் அடித்து அடித்து ஊர் ஊராகப் போனவர்கள். ஆண்கள் பாம்பும் குரங்கும் ஆட்டுவார்கள். பெண்கள் கைரேகை பார்ப்பார்கள். இப்போது பெரும்பாலானோர் ஓரிடத்தில் இருந்து கூலி வேலையும் பயிர்ச்செய்கையும் செய்கிறார்கள். கூடையோடு வெளிக்கிடுகின்றவர்கள் சிலர்தான்.

மகுடிச் சத்தத்துக்குப் பாம்பு ஆடுகிறது என்று சின்ன வயதில் நாமெல்லாம் நம்பினோம். பாம்புக்கு வெளிக்காது கிடையாது. அது மகுடியின் அசைவையும் ஆட்டுகின்றவரின் கையையும் பார்த்துத்தான் தலையைத் திருப்புகிறது. இதைப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்துப் பாருங்கள். அடுத்த முறை பயப்படுவதை விட்டுவிட்டு, "கையை ஆட்டாமல் இருந்தால் பாம்பு என்ன செய்யும்?" என்று கேட்கும்.

பஸ்ஸிலும் றெயினிலும் பாடிக்கொண்டு வருகின்ற கண் தெரியாதவர்கள் இன்னொரு வகை. பழைய பாட்டு ஒன்றைப் பாடிவிட்டு இருக்கை இருக்கையாகக் கையை நீட்டுவார்கள். கூத்துக் குடும்பங்களிலிருந்து வருகின்றவர்களும் உண்டு. வட்டக்களரியில் விடியவிடிய ஆடிய தகப்பனின் மகன், இன்று திருவிழாவில் சவர்க்கார நுரைக்குமிழி ஊதி விற்கிறான். கலை வயிறு நிரப்பாது என்று தெரிந்தும் வேடத்தை விடமுடியாதவர்கள் இவர்கள்.

மாமாங்கத்தில் நடந்தது

மட்டக்களப்பு அமிர்தகழியில் உள்ள மாமாங்கேஸ்வரர் ஆலயத்தின் திருவிழா ஆடி அமாவாசைத் தீர்த்தத்தோடு நிறைவு பெறும். அன்று தீர்த்தக்குளத்தில் முழுகி, இறந்த தகப்பன்மாருக்குப் பிதிர்க்கடன் கொடுப்பார்கள். 1990ஆம் ஆண்டு கொண்டுபோகப்பட்ட என் கணவரைப் பற்றி இன்றுவரை ஒரு தகவலும் இல்லை. ஆகவே நான் எள்ளும் தண்ணீரும் இறைப்பதில்லை. போகாமல் இருக்கவும் மனம் வருவதில்லை. ஒவ்வொரு வருடமும் குளக்கரையில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வருவேன். காணாமல் ஆக்கப்பட்டவர்களின் மனைவிமாருக்கு இது புதிதாக விளக்க வேண்டிய விடயமல்ல.

2024ஆம் ஆண்டு என் பேத்தியையும் கூட்டிக்கொண்டு போனேன். அவளுக்கு ஆறு வயது. தாய் வெளிநாட்டில் வீட்டு வேலைக்குப் போயிருக்கிறாள். பிள்ளை என்னோடு வளர்கிறது. 2019 உயிர்த்த ஞாயிறன்று மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்தபின் அவளைக் கூட்டம் கூடுகின்ற இடங்களுக்கு நாங்கள் கூட்டிப் போவதே குறைவு. அன்று அவளே "நானும் வாறன் அம்மம்மா" என்று சட்டையை மாற்றிக்கொண்டு வந்து நின்றாள்.

கோவிலைக் கும்பிட்டுவிட்டு வெளிவீதிக்கு வந்தோம். கச்சான் வாங்கி, ஒரு சோடி வளையலும் வாங்கினோம். அப்போது சனம் ஓரிடத்தில் வளைந்து நின்று சிரித்துக்கொண்டிருந்தது. நடுவில் ஒருவர். காலில் கிழிந்த சப்பாத்து, இடுப்பில் ரின்பால் பேணிகளைக் கோர்த்த ஒரு கயிறு. அவர் நடக்க நடக்கப் பேணிகள் கலகலத்தன. தலையில் ஒரு சாக்கு. கழுத்துவரை இழுத்து மூடிய சணல் சாக்கு. அதில் சிவப்பு மையால் ஒரு பெரிய வாய் வரைந்திருந்தார். கண்ணுக்கு இரண்டு ஓட்டை.

எனக்குக் கால் நகரவில்லை. நாக்கு ஒட்டிக்கொண்டது. என் கைக்குள் பேத்தியின் கை இருந்தது.

"அம்மம்மா, கை நோகுது" என்றாள்.

அந்தச் சாக்குத்தலை எங்கள் பக்கம் திரும்பியது. பேத்தி என்னை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள். உடனே என் சேலைக்குள் புகுந்துவிட்டாள். "போவம், போவம்" என்று அழத் தொடங்கினாள்.

பக்கத்தில் நின்ற ஓர் அம்மா, "என்ன புள்ள இது, கோமாளிக்கெல்லாம் பயப்பிடுறதா? போய் கிட்டப் பாரு" என்று பிள்ளையைப் பிடித்து முன்னால் தள்ளப் பார்த்தா. நல்ல மனதோடுதான் செய்தா. அழுகை கூடியதே தவிரக் குறையவில்லை.

அப்போது அந்தக் கோமாளி செய்ததை நான் இந்த ஜென்மத்தில் மறக்கமாட்டேன். அவர் எங்களை நோக்கி வரவில்லை. நாலைந்து அடி பின்னுக்குப் போனார். பேணிக் கயிற்றை அவிழ்த்து நிலத்தில் வைத்தார். தானும் நிலத்தில் சப்பாணி கட்டி உட்கார்ந்தார். இப்போது அவருடைய தலை பேத்தியின் தலையைவிடத் தாழ்வாக இருந்தது. மெதுவாகச் சாக்கைக் கழற்றினார். உள்ளே, வியர்வையில் நனைந்த, முன்தலை நரைத்த, ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒரு மனிதர்.

"இஞ்ச பாருங்க மகள், நான்தான். இது வெறும் சாக்கு. அரிசிச் சாக்கு" என்றார்.

சேலைக்குள்ளிருந்து ஒரு கண் வெளியே வந்தது. அவர் சாக்கை மறுபடி போட்டார். கழற்றினார். போட்டார். கழற்றினார். ஒவ்வொரு முறையும் "நான்தான்" என்றார். ஐந்தாவது தடவையோ ஆறாவது தடவையோ பேத்தி தானாகவே "நீங்கதான்" என்றாள். சுற்றி நின்ற சனம் சிரித்தது.

பிறகு அவர் சாக்கை நிலத்தில் வைத்து எங்கள் பக்கமாகத் தள்ளிவிட்டார். "ஆசையெண்டா தொட்டுப் பாருங்க. ஆசையில்லாட்டி விடுங்க."

பேத்தி அதைத் தொட்டாள். மணந்து பார்த்தாள். கையை உள்ளே விட்டுப் பார்த்தாள். பிறகு என்னைக் கேட்காமலே அதைத் தன் தலையில் போட்டுக்கொண்டு என்னை நோக்கித் திரும்பினாள்.

34 வருடங்களாக அந்த இரண்டு ஓட்டைகளுக்குள்ளிருந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது யாருடைய கண் என்று எனக்குத் தெரியாது. அன்று அதற்குள் என் பேத்தியின் கண்கள் இருந்தன. அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். சாக்குக்குள்ளிருந்து, "அம்மம்மா, நான்தான்!" என்றாள்.

நான் அழுதேன். அந்த மனிதர் ஒன்றும் கேட்கவில்லை. அவருடைய வயதுக்கு அவருக்கும் விளங்கியிருக்கும்.

சாக்கின் கதை

இளைய வாசகிகளுக்காக இதைச் சொல்கிறேன். போர்க்காலத்தில் ஓர் ஊரைச் சுற்றிவளைத்தால் ஆண்களையும் இளைஞர்களையும் பாடசாலை மைதானத்துக்கோ கோவில் வீதிக்கோ வரச் சொல்வார்கள். வரிசையாக நடக்க விடுவார்கள். ஒரு வாகனத்துக்குள்ளோ கதிரையிலோ ஒருவர் இருப்பார். தலையில் சாக்கு. கண்ணுக்கு மட்டும் ஓட்டை. யாரையாவது கண்டு அந்தத் தலை ஆடினால் அவர் ஒரு பக்கம். ஆடாவிட்டால் மறுபக்கம். அவரைத் "தலையாட்டி" என்போம். அவரும் பிடிபட்டு அடிவாங்கிய எங்கள் ஊர்ப் பிள்ளையாக இருக்கலாம். யாரென்று ஒருவருக்கும் தெரியாது. என் கணவர் முன்னால் வந்தபோது அந்தத் தலை ஆடியது. மகளுக்கு அப்போது இரண்டு வயது. என் இடுப்பில் இருந்தாள்.

இது தமிழ்ப் பெண்களுக்கு மட்டும் உரிய நினைவல்ல. 1988, 1989ஆம் ஆண்டுகளில் தெற்கிலும் இதே சாக்கு இருந்தது. சிங்களத்தில் அதனைக் "கோணிபில்லா" என்றார்கள். கோணி என்றால் சாக்கு. அடம்பிடிக்கின்ற பிள்ளையைப் பயமுறுத்தத் தாய்மார் முன்பு சொல்லிவந்த பூச்சாண்டியின் பெயர் அது. அந்தக் காலத்தில் அந்தப் பெயர், சாக்கு மூடித் தலையாட்டிய உண்மையான மனிதருக்கு ஆகிவிட்டது. காணாமல் போன தன் மகனைத் தேடுகின்ற தெற்குத் தாயும் சாக்கைக் கண்டால் அதிர்ந்துதான் போவாள்.

போர் முடிந்த பின்னும் முகம் தெரியாத பயம் எங்களை விட்டுப் போகவில்லை. 2011ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் "கிறீஸ் பூதம்" என்ற பேச்சு நாடு முழுவதும் பரவியது. கிழக்கிலும் வடக்கிலும் ஆண் துணையில்லாத வீடுகளில் பெண்கள் இரவிரவாக நித்திரை கொள்ளாமல் ஒன்றாகக் கூடியிருந்தோம். ஆகவே முகத்தை மறைத்த ஒருவரைக் கண்டு எங்கள் உடம்பு இறுகுவது விசர்த்தனமல்ல. உடம்பு படித்த பாடம் அது.

பிள்ளை முதலில் பார்ப்பது எங்கள் முகத்தை

அன்று கூட்டம் கலைந்தபின் அந்தக் கோமாளியோடு சிறிது நேரம் பேசினேன். அவருடைய தகப்பன் கூத்தில் கட்டியகாரனாக ஆடியவராம். திருவிழாக் காலங்களில் இப்படி வேடம் போடுகிறார். மற்றக் காலங்களில் மேசன் வேலைக்குக் கைஉதவியாகப் போகிறார்.

"பிள்ளைகள் பயந்தா உங்களுக்குக் கவலையாக இருக்காதா?" என்று கேட்டேன்.

"அக்கா, பிள்ளை முதல்ல என்னைப் பாக்காது. என்னைக் கண்டவுடன திரும்பி தாய்ர முகத்தைப் பாக்கும். தாய் சிரிச்சா பிள்ளை கிட்ட வரும். தாய் வெருண்டா பிள்ளை அழும். நான் இருவது வருசமாப் பாக்கிறன்" என்றார்.

அவர் தெருவில் கண்டதை ஆராய்ச்சியாளர்களும் கண்டிருக்கிறார்கள். 1985இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு இது. ஒரு வயதுக் குழந்தைகளை ஒரு மேசையில் தவழ விட்டார்கள். மேசையின் மறுபாதி தடித்த கண்ணாடி. கண்ணாடிக்குக் கீழே ஒரு சிறு பள்ளம் இருப்பது போலத் தெரியும். குழந்தை விளிம்புக்கு வந்து தயங்கும். எதிரே நிற்கின்ற தாயின் முகத்தைப் பார்க்கும். தாய் பேசக்கூடாது, முகத்தால் மட்டும் காட்ட வேண்டும். தாய் மகிழ்ச்சியான முகம் காட்டியபோது 19 குழந்தைகளில் 14 பேர் கண்ணாடியைக் கடந்து வந்தார்கள். தாய் பயந்த முகம் காட்டியபோது 17 குழந்தைகளில் ஒருவர்கூடக் கடக்கவில்லை.

இந்த எண்களைப் படித்தபோது நான் என் மகளை நினைத்தேன். 1990இல் அவளுக்குச் சாக்கு என்றால் என்ன என்று தெரியாது. என் இடுப்பில் இருந்து அவள் பார்த்தது என் முகத்தை. ஊர்க் கோவிலில் கூத்துக்குக் கூட்டிக்கொண்டு போனால் மத்தளம் அடிக்கத் தொடங்கியதும் என் மடிக்குள் கவிழ்ந்துவிடுவாள். கட்டியகாரன் வந்தால் கத்துவாள். வளர்ந்தால் சரியாகிவிடும் என்றார்கள்.

மாமாங்கத்தில் நடந்ததை அன்றிரவு போனில் அவளுக்குச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சு வரவில்லை. பிறகு சொன்னாள்: "அம்மா, இஞ்ச போன மாசம் மேடம்ர பிள்ளைக்குப் பிறந்தநாள். கோமாளி வந்தது. எல்லாரும் கோல்ல. நான் குசினிக்குள்ள போய்க் கதவைச் சாத்திட்டு நிண்டன். கேக் குடுக்கக் கூப்பிட்டும் போகல. ஏனெண்டு எனக்கே தெரியல."

36 வயதுப் பெண். ஏன் என்று அன்றுதான் இருவரும் பேசினோம். தகப்பன் போன அந்த நாளைப் பற்றி நான் அவளுக்கு ஒழுங்காகச் சொன்னதும் அன்றுதான். பிள்ளையின் மனம் நோகும் என்று அதுவரை அந்தப் பேச்சை எடுப்பதில்லை. அவள் அழுதாள். பிறகு, "என்ர பிள்ளை அந்தச் சாக்கைப் போட்டதா?" என்று இரண்டு மூன்று தரம் கேட்டாள். ஒவ்வொரு முறையும் ஓம் என்றேன்.

பேயைச் சிரிக்க வைத்தவர்கள்

பயங்கரமான முகத்தைச் சிரிக்கக்கூடிய முகமாக மாற்றுவது எங்கள் நாட்டில் புதிய வித்தை அல்ல. தெற்கில் "சன்னி யகும" என்ற சாந்திச் சடங்கு உண்டு. 18 வகை நோய்களுக்கு 18 சன்னிப் பேய்கள். கடுரு என்ற பாரமில்லாத மரத்தில் செதுக்கிய முகமூடியை அணிந்து ஆடுவோர் வருவார்கள். வரும்போது பயங்கரமாக வருவார்கள். பிறகு மேளக்காரரோடு வாய் கொடுத்துப் பகிடி விடுவார்கள். நோயாளியும் ஊரும் சிரிக்கும். நோய்க்கு ஒரு முகம் கொடுத்து, அந்த முகத்தைப் பார்த்துச் சிரித்து, வழியனுப்பி வைக்கிறார்கள்.

எங்கள் கூத்திலும் அரசன் கொலுவுக்கு வருவதற்கு முன் கட்டியகாரன் வருவான். அரசனையே பகிடி பண்ணுகின்ற உரிமை அவனுக்கு உண்டு. மட்டக்களப்பில் ஆடப்படும் மகிடிக்கூத்தில் மந்திரக்காரர் ஒருவரை ஒருவர் வெல்லப் பார்ப்பார்கள். மந்திரம், மாயம் என்றால் பயந்து நடுங்கும் ஊர், அன்று அதைப் பார்த்து வயிறு குலுங்கச் சிரிக்கும்.

போர் நடந்துகொண்டிருந்த காலத்திலேயே, 1996இல், மட்டக்களப்பில் வண்ணத்துப்பூச்சிப் பூங்கா தொடங்கப்பட்டது. தமிழ், முஸ்லிம் கிராமங்களிலிருந்து பிள்ளைகள் அங்கே ஒன்றாகக் கூட்டி வரப்பட்டார்கள். களிமண், நிறங்கள், கதை, பாட்டு, நாடகம், கோமாளி வேடம் என்று விளையாட்டின் வழியாகவே மனக்காயத்தைத் தொட்டார்கள். கண்டதைச் சொல் என்று எந்தப் பிள்ளையையும் வற்புறுத்தவில்லை. பிள்ளை தனக்கு விருப்பமான வேளையில், விருப்பமான வேடத்துக்குள் இருந்து சொன்னது. மாமாங்கத்தில் அந்த மனிதர் "ஆசையில்லாட்டி விடுங்க" என்று சொன்னதும் இதே வழிதான். எந்தப் பயிற்சிக்கும் போகாமல் அவர் அதைக் கற்றிருந்தார்.

நாம் செய்யக்கூடியவை

தெருவில் இப்படி ஒருவரைச் சந்தித்துப் பிள்ளை வெருண்டால் என்ன செய்யலாம்? என் அனுபவத்திலும், எங்கள் பெண்கள் சங்கத்தில் பேசிப் பகிர்ந்ததிலும் பயன் கண்ட சிலவற்றை இங்கே தருகிறேன்.

1. பிள்ளையை முன்னால் தள்ள வேண்டாம். "இதுக்குப் போய் பயப்பிடுறியா" என்று மற்றவர்கள் முன் கேலி செய்யவும் வேண்டாம். நாலைந்து அடி பின்னுக்கு வந்து, பிள்ளையின் உயரத்துக்குக் குனிந்து, தூரத்திலிருந்து பாருங்கள். தூரம் பயத்தைக் குறைக்கும்.

2. எங்கள் சொந்த உடம்பைக் கவனிப்போம். கை இறுகுகிறதா, மூச்சு நிற்கிறதா என்று பாருங்கள். மூச்சை மெதுவாக வெளியே விட்டு, கையைத் தளர்த்துங்கள். நாம் தளர்ந்ததைப் பிள்ளை கையாலேயே அறியும்.

3. வேடத்துக்குள் மனிதர் இருக்கிறார் என்று காட்டுங்கள். "அவர்ட சப்பாத்தைப் பார், எங்கட மாமாட சப்பாத்து மாதிரி" என்று சொல்லலாம். முகத்தைக் காட்டும்படி வேடக்காரரிடம் தயங்காமல் கேளுங்கள். அநேகமானோர் சந்தோசமாகச் செய்வார்கள்.

4. வீட்டுக்கு வந்தபின் அதை விளையாட்டாக்குங்கள். கடதாசிப் பையில் ஓட்டை போட்டு முகமூடி செய்து கொடுங்கள். போடுவதும் கழற்றுவதும் பிள்ளையின் கையில் இருக்கட்டும்.

5. "கிறீஸ் பூதத்துக்குப் பிடிச்சுக் குடுப்பன்", "கோணிபில்லா வருது" என்று சாப்பாடு ஊட்டவோ நித்திரையாக்கவோ பயமுறுத்தாதீர்கள். எங்களுக்கு நடந்ததன் பெயரால் பிள்ளைக்குச் சோறு ஊட்ட வேண்டியதில்லை.

6. உங்கள் பயத்துக்கு ஒரு காரணம் இருந்தால் பிள்ளையின் வயதுக்கு ஏற்ற அளவில் சொல்லுங்கள். என் பேத்திக்கு நான் சொன்னது இவ்வளவுதான்: "முந்தி ஒருக்கா சாக்குப் போட்ட ஒரு ஆள் அம்மம்மாவைப் பயப்படுத்தினது. அதால அம்மம்மாட கை இறுகினது. இந்த மாமாட சாக்கு விளையாட்டுச் சாக்கு." அவள் தலையாட்டிவிட்டு நித்திரைக்குப் போனாள்.

7. பிள்ளையின் பயம் எச்சரிக்கையாகவும் இருக்கலாம். தெரியாத ஒருவர் பிள்ளையைத் தனியே கூப்பிட்டாலோ, தொடக்கூடாத விதமாகத் தொட்டாலோ, "அம்மாட்டச் சொல்லாத" என்று சொன்னாலோ, வேடம் போட்டவர் போடாதவர் என்ற வேறுபாடு இல்லை. சத்தம் போட்டு ஓடிவரப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுங்கள். சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 என்ற இலக்கத்துக்கு எந்த நேரமும் அழைக்கலாம்.

பயம் நாட்கணக்காக நீடித்து, பிள்ளை நித்திரையில் கத்துவது, படுக்கையில் சிறுநீர் கழிப்பது, பாடசாலை போக மறுப்பது என்று தொடர்ந்தால் அரசாங்க வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்குக் கூட்டிச் செல்லுங்கள். அங்கே பணம் அறவிடமாட்டார்கள். தாய்க்கே அந்த உதவி தேவையாக இருந்தாலும் வெட்கப்பட வேண்டாம். தேசிய உளநல நிறுவனத்தின் 1926 இலக்கத்தில் எங்கள் துயரைச் சொல்லலாம்.

கடைசியாக ஒன்று

வேடிக்கைக்காரரின் தட்டில் போடுகின்ற இருபது ரூபாவைப் பிச்சை என்று பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்காதீர்கள். பிள்ளையின் கையாலேயே கொடுக்க விட்டு, "எங்களைச் சிரிக்க வைச்சதுக்குக் கூலி" என்று சொல்லுங்கள். அவர்களும் சுனாமியிலும் போரிலும் இழந்தவர்கள்தான். வெயிலில் நாள் முழுக்கச் சாக்குக்குள் வெந்து, மாலையில் அரிசி வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகின்றவர்கள்.

எங்கள் சங்கத்தில் இப்போது ஒரு தீர்மானம் எடுத்திருக்கிறோம். முன்பள்ளி விளையாட்டுப் போட்டி முடிகின்ற நாளில், பக்கத்து ஊர் அண்ணாவியாரையும் இரண்டு கூத்துக்காரரையும் அழைத்து, பிள்ளைகள் முன்னிலையிலேயே முகம் எழுதி, உடுப்பு உடுத்தி, ஆடிக் காட்டச் சொல்வது. ஒரு சாதாரண மாமா எப்படிப் படிப்படியாகக் கட்டியகாரனாக மாறுகிறார் என்பதைப் பிள்ளைகள் இருந்து பார்க்கட்டும். தாய்மாரும் வரவேண்டும் என்பது நிபந்தனை. உங்கள் ஊரிலும் இப்படி ஒரு நாளை ஒழுங்கு செய்யலாம். செலவு அதிகம் இல்லை. ஒரு பாய், ஒரு மத்தளம், வந்தவர்களுக்கு ஒரு நேரச் சாப்பாடு, கையில் கொடுக்க ஒரு சிறு தொகை போதும்.